கழுத்தில் ஓர் ஊசித்துளை

குழந்தையைக் குளிப்பாட்டிக் கழுத்து மடிப்பைத் துடைக்கும்போதுதான் பெரும்பாலும் அது கண்ணில் படும். கழுத்தின் முன்பக்கம், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, காறையெலும்புக்கு ஒன்றிரண்டு விரற்கடை மேலே ஒரு துளை. குண்டூசித் தலையைவிடச் சிறியது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. துடைத்தால் காய்ந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தெளிந்த பசை போல ஒரு சொட்டு மறுபடி நிற்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் சட்டைக் காலரின் உட்புறம் ஒரே இடத்தில் விறைப்பாகக் கறை படியும்.

இதற்குப்பின் நடப்பதை எந்தத் திருச்சிக் குடும்பமும் ஊகித்துவிடலாம். பாட்டி மஞ்சள் குழைத்து வைப்பார். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்குவார்கள். சமயபுரத்துக்கு ஒரு வேண்டுதல் இருக்கும். ஏதோ ஒரு மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டும். துளை அடைபட்டு, கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் கீறி, சீழை வெளியேற்றிக் கட்டுப் போடுவார்கள். பத்து நாளில் சரியாகும். பிறகு பழைய துளையோடு, கீறிய தழும்பிலிருந்தும் நீர் கசியத் தொடங்கும். பிறவித் துளை தானாகச் செய்கிற கெடுதல் கொஞ்சம்தான். நோய் இன்னதென்று தெரியாமல் போடுகிற அந்த முதல் கீறல்தான் பின்னால் வரும் அறுவை மருத்துவரின் வேலையை இரட்டிப்பாக்குகிறது.

களிம்புக்கும் மாத்திரைக்கும் இந்தத் துளை ஏன் மசிவதில்லை என்பதற்கு விடை அதன் உட்சுவரில் இருக்கிறது. சீழ்க்கட்டி உடைந்து உண்டாகும் புரை, புண் சதையால் ஆனது. உள்ளே இருக்கும் கிருமியோ அழுகலோ நீங்கிவிட்டால் சதை வளர்ந்து தானாக மூடிக்கொள்ளும். பிறவியில் வந்த பாதைக்கோ உள்ளே முழு நீளத்துக்கும் தோலைப் போன்ற, அல்லது மூச்சுக்குழாயின் உள்ளுறையைப் போன்ற, ஒரு மெல்லிய உறை உண்டு. உறை போட்ட இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது. உள்ளுறை இருக்கும்வரை நீர் சுரக்கும். நீர் சுரக்கும்வரை துளை திறந்திருக்கும். முழுப் பாதையையும் எடுத்தால் ஒழிய இதற்குத் தீர்வு இல்லை.

அந்தப் பாதை எங்கிருந்து வந்தது? கருவுற்று நான்காவது, ஐந்தாவது வாரத்தில் சிசு ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். அப்போது அதன் தொண்டைப் பகுதியில் இருபுறமும் வளைவு வளைவாகச் சில மேடுகள் எழும்; இடையிடையே பள்ளங்கள் விழும். முகம், தாடை, நடுக்காதின் குட்டி எலும்புகள், குரல்வளைக் குருத்தெலும்பு எல்லாம் இந்த மேடுகளிலிருந்து உருவாகின்றன. மீனின் கருவில் இதே இடத்தில் செவுள் உருவாவதால் இவற்றுக்குச் செவுள் வளைவுகள் என்று பெயர் வந்தது. மனிதக் கருவுக்குச் செவுள் முளைப்பதில்லை. தொடக்க வரைபடம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. 1825இல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ராட்கே பன்றிக் கருவில் இந்தப் பிளவுகளைக் கண்டார். பெர்லின் மருத்துவர் ஆஷர்சன் 1832இல் எழுதிய சிறு நூலில், கழுத்தில் பிறவியிலேயே வரும் துளைகளை அந்தப் பிளவுகளோடு முதன்முதலாக முடிச்சுப் போட்டார். அதுவரை இவை மூச்சுக்குழாயில் விழுந்த ஓட்டை என்றுகூடச் சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வளர்ச்சி ஒழுங்காக நடந்தால், இரண்டாம் வளைவு கீழ்நோக்கி வேகமாக வளர்ந்து, தனக்குக் கீழே உள்ள பள்ளங்களை மூடிவிடும். மூடிய இடத்தில் கொஞ்ச காலம் ஒரு வெற்றிடம் இருந்து மறையும். அது மறையாமல் நின்றுவிட்டால், நிற்கும் விதத்தைப் பொறுத்துப் பை, ஒருபக்கம் மட்டும் திறந்த குழி, தோலிலிருந்து தொண்டை வரைக்கும் போகும் முழுப் பாதை என்று மூன்றில் ஒன்றாகும். செவுள் வளைவுக் கோளாறுகளில் பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ இந்த இரண்டாம் வளைவைச் சேர்ந்தவை. சில குழந்தைகளுக்குக் கழுத்தின் இரு பக்கமும் துளை இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரகணத்தன்று காய் நறுக்கினாள், ஊசியில் நூல் கோத்தாள், அதனால்தான் பிள்ளைக்கு ஓட்டை என்று மருமகளைக் குத்திப் பேசுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. இந்த வளைவுகள் மூடுகிற வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது. மாதவிடாய் தள்ளிப்போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு வரமுடியாத தாயின் உருவில் இறைவனே வந்து பேறு பார்த்தான் என்று மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் ஊர் இது. பிள்ளை பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருப்பது அந்த நேர்த்திக்கடனுக்கும் பொருத்தமாக இருக்கும்.

“சொந்தத்தில் கட்டினீர்களா?” என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் மாமன் மகள், அக்காள் மகள் உறவில் மணம் செய்வது வழக்கம் என்பதால் மருத்துவர்களும் கேட்பார்கள். கழுத்துத் துளைகள் பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாகவே வருகின்றன. பரம்பரையாக வரும் ஒரு வகையில், கழுத்துத் துளையோடு காது முன்னால் சிறு குழி, செவிக்குறைபாடு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை சேர்ந்து வரும். ஏறத்தாழ 40,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. ஈ.ஒய்.ஏ.1 என்ற மரபணுவில் நேரும் மாற்றம் இதன் முக்கியக் காரணம். பெற்றோரில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்தால்தான் வரும் என்பதில்லை. ஆகவே கழுத்தின் இருபுறமும் துளையோ, காது முன்னே குழியோ, குடும்பத்தில் காது கேளாமையோ இருந்தால், கத்தியை எடுக்கும் முன்பே பிள்ளைக்குச் செவித்திறன் சோதனையும் சிறுநீரக ஸ்கேனும் எடுத்துவிட வேண்டும். பேச்சு வராத பிள்ளை என்று பல வருடம் திரிந்தபின் காது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைதான் திருச்சி வட்டாரத்தின் பெரியாஸ்பத்திரி. 1997இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கழுத்தில் ஏதாவது கசிகிறது என்று யார் அங்கேயோ வேறு எந்த மருத்துவமனைக்கோ போனாலும், நம் நாட்டு மருத்துவர் மனத்தில் முதலில் எழும் பெயர் காசநோய். அதில் தவறில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். நுரையீரலுக்கு வெளியே அந்நோய் அதிகம் தாக்குவது நிணநீர் முடிச்சுகளை, அவற்றிலும் கழுத்து முடிச்சுகளை. கண்டமாலை என்று நம் வைத்தியர்கள் சொல்லிவந்ததில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டையும் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் வேலையைக் கேள்வியும் கண்ணும் விரலும் செய்துவிடும். எப்போதிலிருந்து இருக்கிறது? பிறந்ததிலிருந்தே என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. காசநோய்ப் புரை முதலில் நெறிகட்டி, மெல்லப் பெருத்து, பிறகு உடைந்து வரும். அதன் விளிம்பு நீலம் பாய்ந்து, அடியில் குடைந்தாற்போல இருக்கும். சுற்றிலும் வேறு கட்டிகள் தட்டுப்படும். கசிவது தண்ணீர் போலவோ திரிந்த தயிர் போலவோ இருக்கும். பிறவித் துளை சுத்தமாக, வட்டமாக, பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும். கசிவது வழவழப்பான தெளிநீர். பிள்ளையை எச்சில் விழுங்கச் சொல்லிவிட்டுத் துளையையே உற்றுப் பார்த்தால் சிலருக்குத் தோல் மெல்ல உள்ளே இழுபடுவது தெரியும். துளைக்கு மேலே, தாடை நோக்கி விரலால் தடவினால் தோலுக்கடியில் ஒரு கயிறு ஓடுவது தட்டுப்படும். அதை மேலிருந்து கீழாக வருடிவிட்டால் துளையில் ஒரு சொட்டு வந்து நிற்கும். இந்தக் கடைசிச் சோதனைக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

இந்த அரை நிமிடம் செலவிடப்படாத பிள்ளைகள் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்க நேர்கிறது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம். அந்தப் பெருமைக்குரிய மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக் கூடியவையும்கூட. தேவையில்லாத பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அவை மிட்டாய் இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் கசிவையோ கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த நீரையோ மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் விரைவிலேயே தெரிந்துவிடும். காசநோய்க் கட்டியைக் கத்தியால் கீறினால் ஆறாத புண்ணாகும். பிறவித் துளைக்கு மாத்திரை கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.

வயது இன்னொரு குறிப்பு. நாற்பதைத் தாண்டியவருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் புதிதாக நீர்க்கட்டி வந்தால், அதைப் பிறவிக் கட்டி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. டான்சில், நாவின் அடிப்பகுதி, தைராய்டு ஆகியவற்றில் வந்த புற்றுநோய் கழுத்து முடிச்சுக்குப் பரவி நீர்க்கட்டியாக உருமாறுவது உண்டு. உறையூர்ச் சுருட்டால் உலகப் பெயர் பெற்ற ஊருக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஊசி வைத்து எடுத்த நீரைச் சோதிக்காமல், தொண்டைக்குள் பார்க்காமல், அந்த வயதில் யாருக்கும் கட்டியை அறுக்கக் கூடாது.

துளை எங்கே இருக்கிறது என்பதே எந்த வளைவு என்று சொல்லிவிடும். காதுக்குக் கீழே, தாடை மூலைக்கு அருகில் என்றால் முதல் வளைவு. இதன் பாதை முகநரம்பை உரசிக்கொண்டு போகும். அனுபவமில்லாத கை பட்டால் வாய் ஒரு பக்கம் கோணிவிடும். நான்காம் வளைவுக்கோ பெரும்பாலும் வெளியே துளையே இருக்காது. இடது பக்கத் தைராய்டில் சீழ் வைத்து, பிள்ளை காய்ச்சலோடு தொண்டையைப் பிடித்துக்கொண்டு வருவான்; கீறி எடுப்பார்கள்; சில மாதத்தில் மறுபடி வருவான். தைராய்டு எளிதில் சீழ் பிடிக்காத சுரப்பி. ஒரு பிள்ளைக்கு அதில் திரும்பத் திரும்பச் சீழ் வைத்தால் தொண்டையின் உள்ளிருந்து ஒரு கள்ளப்பாதை வருகிறது என்று பொருள். 1979இல் ஜப்பானிய மருத்துவர்கள் லான்செட் இதழில் இதை விளக்கினார்கள். இப்போது பல இடங்களில் வாய்வழியே உள்நோக்கியை விட்டு, பாதையின் உள்வாயை அமிலத்தாலோ மின்சாரத்தாலோ சுட்டு அடைத்துவிடுகிறார்கள். கழுத்தில் தழும்பே இல்லை.

நடுக்கழுத்தில் வருவது வேறு குடும்பம். தைராய்டு நாவின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்கி வரும் வழியில் விட்டுச்செல்லும் தடம் அது. நாக்கை நீட்டச் சொன்னால் அந்தத் தடத்தில் வந்த கட்டி மேலே ஏறும். இதற்கு இணையான அடையாளம் வேறில்லை. இந்தத் தடம் பிறவியிலேயே தோலில் திறப்பதில்லை. நடுக்கழுத்தில் கசியும் துளை இருந்தால், கட்டியில் சீழ் வைத்துத் தானாக உடைந்திருக்க வேண்டும், அல்லது யாரோ கீறியிருக்க வேண்டும், அல்லது அரைகுறையாக அறுத்திருக்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்தால் பாதிப்பேருக்குத் திரும்ப வரும் என்பது பழைய அனுபவம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் சிஸ்ட்ரங்க் 1920இல் ஒரு வழி சொன்னார்: கட்டியோடு நாவடி எலும்பின் நடுத்துண்டையும், அதற்கு மேல் நாவின் வேர் வரைக்கும் உள்ள சதைத் தண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். எலும்புத் துண்டு போனதால் பேச்சோ விழுங்குவதோ கெடுவதில்லை. நூறு வருடம் கழிந்தும் இதைவிட நல்ல வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: அல்ட்ராசவுண்ட் எடுத்து, கழுத்தில் உரிய இடத்தில் தைராய்டு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சிலருக்கு அந்தக் கட்டிதான் உடம்பில் உள்ள ஒரே தைராய்டு. அதை எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரைதான்.

புரையோடிய புண்ணுக்கு நம் மரபில் வைத்தியம் இல்லாமல் இல்லை. சுசுருதர் இவற்றை நாடி விரணம் என்று தனியே வகுத்து, சலாகை விட்டு ஆழம் பார்க்கவும், காரம் ஏற்றிய நூலைக் கட்டவும் சொன்னார். சித்த மருத்துவர்கள் மலவாய்ப் புரையான பவுந்திரத்துக்குக் காரநூல் கட்டிக் குணப்படுத்துவது இன்றும் நடக்கிறது, பலனும் இருக்கிறது. திருவரங்கம் பெரிய கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சந்நிதி உண்டு. ஹொய்சாளர் காலத்தில் அங்கே இயங்கிய ஆரோக்கியசாலை அழிந்தபின், கருடவாகன பட்டர் 1493இல் அதைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அறுவைக்கென்று தனி ஆள் இருந்ததற்குக் காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சான்று: 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையில் மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர். இந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காரநூல் தான் கட்டப்பட்ட வளையத்துக்குள் இருக்கும் அனைத்தையும் மெல்ல அறுத்துக்கொண்டே வந்து, பின்னால் ஆறவைக்கும் முறை. மலவாயில் அந்த வளையத்துக்குள் இருப்பது தோலும் தசையும். கழுத்தில் அந்த வளையத்துக்குள் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இருக்கின்றன. பவுந்திரத்துக்கு நல்லது கழுத்துத் துளைக்கு ஆகாது என்பதை அந்தக் கலையில் தேர்ந்தவர்களே முதலில் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாம் வளைவுப் பாதை போகும் வழியைப் பார்த்தால் இது புரியும். தோல் துளையிலிருந்து மெல்லிய தோலடித் தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. கழுத்துத் தமனியின் உறையை ஒட்டியபடி மேலேறுகிறது. தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், முகத்துக்குப் போகும் கிளைக்கும் மூளைக்குப் போகும் கிளைக்கும் நடுவே புகுகிறது. நாக்கை அசைக்கும் நரம்பைத் தாண்டி, டான்சிலுக்குப் பின்னே தொண்டையில் திறக்கிறது. வெளியே தெரிவது குண்டூசித் துளை; எடுக்க வேண்டியது கழுத்தின் முழு உயரம்.

வழக்கமான இடத்தில், பிறந்ததிலிருந்து கசியும் துளைக்கு அல்ட்ராசவுண்ட் போதும் என்பது என் கருத்து. ஏற்கெனவே அறுத்துத் திரும்ப வந்தவை, காதருகே உள்ளவை, இடம் மாறி இருப்பவை ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. அல்லது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. தேவைப்படும். துளைக்குள் கம்பி விட்டுக் குடைந்து பார்ப்பது மட்டும் கூடாது. புதிய கள்ளவழி உண்டாகும், கிருமியும் புகும்.

அறுவை நாளில் பிள்ளை முழு மயக்கத்தில் இருப்பான். தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்து, தலையை எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். துளைக்குள் மெத்திலீன் நீலம் ஓரிரு சொட்டு மட்டும். அதிகம் விட்டால் வழிந்து சுற்றுச் சதையெல்லாம் நீலமாகி எது பாதை என்றே தெரியாமல் போகும். துளையைச் சுற்றி கழுத்து மடிப்போடு ஒத்துப்போகும்படி இலை வடிவில் ஒரு வெட்டு. அந்தத் தோல் துண்டைப் பிடித்து இழுத்தபடி, நீலக் கயிற்றைச் சுற்றிலும் விடுவித்து மேலே போவார்கள். கீழ் வெட்டு வழியாக எட்டாத உயரம் வந்ததும் கழுத்தின் மேற்பகுதியில் இன்னொரு குறுக்கு வெட்டு. விடுவித்த கயிறு அதன் வழியே மேலே வரும். படிக்கட்டு போன்ற இந்த இரட்டை வெட்டை 1933இல் எழுதியவர் ஹாமில்டன் பெய்லி. நம் மருத்துவ மாணவர்கள் அறுவைப் பாடத்துக்கு இன்றும் புரட்டும் ‘பெய்லி அண்ட் லவ்’ நூலின் அதே பெய்லி. தமனிக் கிளைகளுக்கு நடுவே வரும்போது கை மெதுவாகும். கடைசியில் மயக்க மருத்துவரோ உதவியாளரோ வாய்க்குள் விரல் விட்டு டான்சில் பள்ளத்தை வெளிநோக்கித் தள்ளுவார். பாதை தொண்டையைத் தொடும் புள்ளி அப்போது கத்திக்கு எட்டும். அங்கே கட்டி, அறுத்து எடுப்பார்கள். சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

சீழ் வைக்காத, யாரும் கைவைக்காத துளையை முதல் முறையிலேயே முழுதாக எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு 3 சதவீதம் அளவுதான். முன்பே அறுத்துத் தோற்றதில் அது 20 சதவீதத்தைத் தொடுகிறது. தழும்பு மண்டிய சதையில் கயிறு எது, நரம்பு எது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே முதல் அறுவைதான் மிகச் சிறந்த வாய்ப்பு; அதைக் குழந்தை அறுவை மருத்துவரிடமோ கழுத்து அறுவையில் பழகிய காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். எப்போது செய்வது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு வயதைத் தாண்டியபின், முதல் சீழ் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது என்பார் பலர். சீழ் வைத்துவிட்டால் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, தேவையானால் கத்திக்குப் பதில் ஊசியால் சீழை உறிஞ்சி, சில வாரம் ஆறவிட்டுப் பிறகுதான் அறுவை.

உங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ இப்படியொரு துளை இருந்தால் அதைப் பிதுக்காதீர்கள், அடைக்காதீர்கள், கீறவிடாதீர்கள். வீங்கிக் காய்ச்சலடிக்கும் நாளில் போகிற இடத்தில், “இது பிறந்ததிலிருந்தே இருக்கிறது” என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அறுவை முடிந்து எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பி வரும் அறிக்கையையும், அறுவைக் குறிப்பையும் ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் கழித்து மறுபடி கசிந்தாலும் அடுத்த மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு தாள்களைத்தான்.